பளைக் காணிக்கு நான் வாங்கிய கையெழுத்து

பளையில் இரண்டு ஏக்கர் காணி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோது, நான் கிளிநொச்சியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். காணிக்காரர் இளவயதிலேயே கனடா போய் அந்த நாட்டுப் பிரஜையானவர். விற்பதற்கென்றே மூன்று கிழமை லீவில் வந்திருந்தார்.

வெளிநாட்டுப் பிரஜையிடம் வாங்கினால் பின்னால் என்ன சிக்கல் வருமோ என்று எனக்குப் பயம். கேள்விகளையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு சட்டத்தரணியிடம் போனேன். காணி உறுதிப் பத்திரம் எழுதி முடிக்கும் நொத்தாரிசும் அவர்தான். அவர் பொறுமையாகப் பதில் சொன்னார். அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியென்றால் தொடவேண்டாம்; இது பழைய உறுதிக் காணி, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அவர் விற்கலாம். கடவுச்சீட்டில் பெயர் சுருங்கியிருப்பதால், உறுதியில் பெயருள்ள ஆள் தான்தான் என்று அவர் சத்தியக்கடதாசி முடிக்கவேண்டும். காசு வங்கியால் போகவேண்டும். விற்ற ஆதாயத்துக்கான வரி அவருடைய பொறுப்பு, முத்திரைத் தீர்வை என்னுடையது.

வரி குறையும் என்று, உறுதியில் விலையைக் குறைத்துப் போடலாமா என, என்னோடு வந்திருந்த காணிக்காரர் கேட்டார்.

"அது சரிவராது அண்ணை. உண்மையான விலையைத்தான் போடவேணும்," என்றேன்.

சட்டத்தரணி என்னை மதிப்போடு பார்த்தார். எனக்கும் என்னை நினைக்கப் பெருமையாகத்தான் இருந்தது.

காணிக்காரர் போனபிறகு சட்டத்தரணி கேட்டார்: "காணியில ஆராவது இருக்கினமோ?"

ஒரு அம்மா இருந்தார். போர் முடிந்து மீள்குடியேற்றம் நடந்தபோது சொந்த ஊருக்குப் போக வழியில்லாமல் மகளோடு வந்து தகரக் கொட்டில் போட்டவர். பற்றையாகக் கிடந்த நிலத்தை வெட்டித் துப்புரவாக்கித் தென்னம்பிள்ளை வைத்தவர். பன்னிரண்டு வருஷமாக ஒருவரும் வந்து ஏனென்று கேட்கவில்லை. மகள் என்னிடம் கணிதம் படித்தவள். அப்போது வவுனியாவில் மேற்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள்.

"பத்து வருஷத்துக்கு மேல ஒருத்தற்றை அனுமதியும் இல்லாமல் ஆண்டுகொண்டு இருந்தால், அவா கோட்டில உரிமை கேக்கலாம். வெல்லுவாவோ தெரியாது, ஆனா வழக்கு இழுபடும். காணிக்காரற்றை அனுமதியோடதான் இருந்தனான் எண்டு அவா எழுதித் தந்தால் பிரச்சினை இல்லை," என்றார் சட்டத்தரணி. பிறகு, "ஆனா விளங்கப்படுத்தித்தான் வாங்கவேணும், சேர்," என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வசனம் எனக்கு நன்றாகவே கேட்டது.

அப்படி ஒரு கடுதாசியை எழுதி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அந்த அம்மாவிடம் போனேன். அவர் உள்ளேயிருந்து கதிரை கொண்டுவந்து, சீலைத் தலைப்பால் துடைத்துப் போட்டார். காணி கைமாறப் போவதைச் சொன்னேன்.

"நீங்கள் இதில இருக்கிறதுக்கு ஒரு பதிவு வேணுமாம் அம்மா. ஒரு கையெழுத்துப் போதும்."

"நீங்கள் சொன்னாச் சரிதானே, சேர்," என்றார். வாசிக்கவில்லை. எழுத்தெழுத்தாகத் தன் பெயரை எழுதினார். நான் புறப்படும்போது நான்கு தேங்காயை உரித்துப் பையில் போட்டுத் தந்தார். இனி என் காணித் தேங்காய்தானே என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு வாங்கினேன். அப்படி நினைத்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உறுதி முடிந்து இரண்டு மாதத்தில் அவரைக் காணியைவிட்டு எழும்பச் சொன்னேன். சண்டை பிடிக்காமல் மல்லாவியில் இருக்கும் அக்காவிடம் போய்விட்டார்.

சில நாட்களில் மகள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். "சேர், அம்மா கையெழுத்து வைச்ச கடுதாசியின்ர பிரதி ஒண்டு தருவீங்களோ?"

கொடுத்தேன். நின்றபடியே வாசித்தாள்.

"இதில என்ன இருக்கெண்டு அம்மாவுக்குச் சொன்னனீங்களோ?"

ஓம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "இல்லைப் பிள்ளை," என்றேன்.

அவள் கடுதாசியை மடித்தாள். "அம்மா இப்பவும் உங்களைப் பற்றி நல்லாத்தான் கதைக்கிறா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு இருந்த வகுப்பில், கரும்பலகையில் ஒரு சாதாரணக் கணக்கை இரண்டு தரம் பிழைவிட்டேன்.

ஒரு மாதம் கழித்துத்தான் மல்லாவிக்குப் போகத் துணிவு வந்தது. செய்ததை அந்த அம்மாவிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டார்.

"காணி என்ரை இல்லையெண்டு எனக்குத் தெரியும், சேர். நேரா கேட்டிருந்தா நான் கோடு கச்சேரி எண்டு போயிருக்கமாட்டன். நட்டு வளத்த தென்னைக்காக ஒரு துண்டு விடுங்கோ எண்டுதான் கேட்டிருப்பன்."

தேத்தண்ணி வந்தது. கோப்பையை வாங்கிக் கீழே வைத்தேன். தென்னை நிற்கும் அரை ஏக்கரை அவர் பெயருக்கு நன்கொடை உறுதியாக எழுதித் தருகிறேன் என்றேன்.

"மகளிட்டைக் கேட்டுச் சொல்லுறன்," என்றார்.

மகள் சம்மதித்தாள். அந்த உறுதிக்கான முத்திரைத் தீர்வையையும் நானே கட்டினேன். சட்டத்தரணியின் மேசையில், நன்கொடையை ஏற்பதாகக் கையெழுத்து வைக்க அம்மா பேனையை எடுத்தபோது, "பொறுங்கோ அம்மா," என்று மகள் தடுத்தாள். முதல் வரியிலிருந்து உரத்து வாசித்தாள். இரண்டு இடத்தில் நிறுத்திச் சட்டத்தரணியிடம் விளக்கம் கேட்டாள். பக்கத்தில் இருந்த என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது அந்த அம்மா காணிக்குத் திரும்பி வந்து இருக்கிறார். மற்றப் பக்கத்தில் நான் வீடு கட்டுகிறேன். வேலியடியில் கண்டால், "சேர், சாப்பிட்டியளோ?" என்று கேட்கிறார். அவர் வெளியில் நிற்பது தெரிந்தால், வேலையாட்களுக்கு ஏதோ சொல்வதுபோல நான் மறுபக்கம் போய்விடுகிறேன்.