ஜரகண்டியைப் பூட்டிவைத்த பகல்

போன வாரம் சித்தூரில் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தேன். வேலை முடிந்ததும் டாக்டர் தெலுங்கில், "ரேப்படிக்கி உண்டதம்மா" என்றார். நாளைக்கு இருக்காது என்று அர்த்தம். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே, "எது இருக்காது?" என்று கேட்டேன். வலிதான் என்று சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும். 'உண்டது' என்று எந்த டாக்டர் சொன்னாலும், எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் நான் எழுந்து வருவதில்லை. அதற்குக் காரணம் ஒரு பூனை.

அப்போது திருப்பதியில் ஒரு லாட்ஜில் பெட்ஷீட் துவைத்து மடிக்கிற வேலை எனக்கு. எட்டாவதோடு படிப்பை விட்டவள்; மடிப்பு நேராக வந்தால் போதும் என்று சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் ஊர் நாகலாபுரத்துப் பக்கம், தினமும் போய்வர முடியாது. அதனால் ஆறு அறைகள் வரிசையாக நிற்கிற ஒரு வளவில் ஓர் அறை பிடித்திருந்தேன். தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட். தனியாக இருப்பவளுக்கு எத்தனை பயம் உண்டோ அத்தனையும் எனக்கு உண்டு. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடிவருவேன். அப்படி ஓடிவந்த ஒருநாள், வாசற்படியில் குறுக்கே ஒரு சாம்பல் பூனை படுத்திருந்தது. உஸ், உஸ் என்றேன். அசையவில்லை. பக்கத்து அறையில் பூ கட்டி விற்கிற ரமணம்மா அக்கா, மலைமேல் வரிசையில் விரட்டுவார்களே, அந்தக் குரலில், "ஜரகண்டி, ஜரகண்டி!" என்றார். எப்பேர்ப்பட்ட கூட்டமும் அந்தச் சொல்லுக்கு நகர்ந்துவிடும். இது கொட்டாவி விட்டது. பேர் ஒட்டிக்கொண்டது.

என் கையில் எந்நேரமும் பிளீச்சிங் பவுடர் வாசனை இருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கைத் திருப்பிக்கொள்வார்கள். ஜரகண்டிக்கோ அந்தக் கைதான் வேண்டும். முகத்தைத் தேய்த்து, நக்கி, அதன்மேலேயே தூங்கும். என் கையை ஒருவர் அப்படிக் கொண்டாடியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஏழு வருஷம் இருந்தது. பிறகு சாப்பாட்டை விட்டது, தண்ணீரையும் விட்டது. கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். தொட்டுப் பார்த்தார், ஒரு ஊசி போட்டார். "ரொம்ப வலிக்குதா சார் அதுக்கு?" என்றேன். கையைக் கழுவிக்கொண்டே, "ரேப்படிக்கி உண்டதம்மா" என்றார். வலி நாளைக்கு இருக்காதாம்! சந்தோஷமாக ஆட்டோ ஏறினேன். போகிற வழியில் அதற்கு மீன்கூட வாங்கினேன்.

ரமணம்மா அக்காவிடம் சொன்னபோது அவர் நாரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"பிச்சிப்பொண்ணே, பைத்தியமே, அவரு வலிய சொல்லல. பூனையே இருக்காதுன்னு சொல்லிக்கிறாரு."

மீன் பை என் கையிலேயே இருந்தது.

"இன்னொண்ணு கேளு. சோறு போட்ட வூட்ல பூனை சாவாது. காத்தால கதவாண்ட வந்து நிக்கும். தெறந்து வுட்டுடு, தடுக்காத."

அந்தப் பேச்சுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. சித்தூர் ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மூச்சு நின்றபோது, நான் கீழே டீ வாங்க நின்றிருந்தேன். இந்த ஒரு சாவிலாவது பக்கத்தில் இருந்துவிட வேண்டும், இது எங்கோ முட்புதரில் தனியாகக் கிடக்கக் கூடாது. மறுநாள் வேலைக்குப் போகவில்லை. கதவைத் தாழிட்டேன், ஜன்னலையும் சாத்தினேன். பூனை என்னமோ தாழ்ப்பாளைத் திறந்துவிடும் என்பதுபோல மூன்று தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா சொன்னபடியே ஜரகண்டி தள்ளாடி எழுந்து கதவருகே போனது. பிறாண்டியது, கத்தியது. தூக்கிவந்து மடியில் போட்டேன். இறங்கி மறுபடி போனது. வெயில் ஏற ஏற ஷீட் கொதித்தது. கக்கூஸ் வளவின் கோடியில். கதவைத் திறந்தால் நழுவிவிடுமே என்று அதையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னைவிட மோசமான காவல்காரியை ஜெயிலில்கூடப் பார்க்க முடியாது.

அந்த நேரத்தில் ஊரிலிருந்து அப்பா போன் செய்தார். "இன்னாடி, வேலைக்கி போவலயா?"

"பூனைக்கி ஒடம்பு சரியில்ல நைனா."

"பூனைக்கி லீவு போட்டவ ஜில்லாவுலயே நீ ஒருத்திதான்." அப்புறம், "அது எதுனா துன்னுச்சா?" என்றார்.

"இல்ல."

"நீ?"

போனை வைத்துவிட்டேன்.

பிறகு அக்கா கதவைத் தட்டினார். "தெறம்மா. எமனை உள்ள வெச்சி பூட்டிக்கினு கீற."

"என் மடியிலயே போவட்டுங்கா."

"அது உன் இஷ்டமா?"

பூனை அதற்குள் கத்துவதை நிறுத்திவிட்டு, வாயை மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு முடியவில்லை. திறந்தேன்.

வெளியே போனது. இரண்டு எட்டு வைக்கும், நிற்கும். பின்னாலேயே நான். தெருவாசல் பக்கம் அது திரும்பவே இல்லை. குழாயடி நிழலில், அக்காவின் பூக்கூடையை மூடியிருந்த ஈரக் கோணியின் நுனி தரையில் கிடந்தது. அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்தது, தாடையை வைத்தது, நீளமாக ஒரு மூச்சு விட்டது. சாமிக்குப் போகிற பூ. அக்கா கூடையைத் தள்ளி வைத்துவிட்டு, கோணி முழுவதையும் அதற்கே விட்டுக்கொடுத்தார்.

அது சாக இடம் தேடவில்லை. குளிர்ச்சி தேடியிருக்கிறது. பத்தடி தூரத்தில் இருந்த ஈரத்துக்காகக் கெஞ்சியதை நான் காலையிலிருந்து அனலில் அடைத்து வைத்திருந்தேன், அன்பு என்று பேர் சொல்லிக்கொண்டு.

தாடைக்கு அடியில் கையைக் கொடுத்தேன். நக்கவில்லை; எடு என்றும் சொல்லவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே நேரம் கூடிக்கொண்டே போனது. கடைசி மூச்சு எதுவென்று எனக்குத் தெரியாது. அடுத்ததற்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அக்கா என் தோளைத் தொட்டார்.

அந்த வளவை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே யாத்திரைக்காரர்களின் வண்டிகள் நிற்கின்றன. குழாயடி எந்த இடத்தில் இருந்தது என்று என்னாலேயே சொல்ல முடியாது. அக்கா மகளோடு புத்தலப்பட்டுக்குப் போய்விட்டார். போனால் போகட்டும், கட்டடம்தானே, ஊர்தானே என்று இருந்துவிடலாம். ஆனால் ஏழு வருஷம் தினமும் நான் வேலை முடிந்து உள்ளே வந்ததும் ஜரகண்டி ஒரு குரல் கொடுக்கும். அது எப்படி இருக்கும் என்று எவ்வளவு யோசித்தாலும் எனக்கு வரவில்லை. பூட்டிய கதவுக்கு உள்ளே கத்தியதுதான் கேட்கிறது.