பதினேழாம் நம்பர் மெஷின்

லேப் அக்காவின் வேலை என்ன என்று கேட்டால் எங்கள் பயிற்சி நிலையத்தில் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. மைக்கைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் நிற்பவன் நான், கைதட்டலும் எனக்குத்தான். ஏதாவது ஒரு மெஷின் திறக்காவிட்டால் மட்டும் எல்லோருக்கும் அக்காவின் ஞாபகம் வரும்.

வகுப்பறையில் இருப்பவை பழைய கம்ப்யூட்டர்கள், வெறும் ஜன்னல்கள். மாணவர்கள் பழகும் மெஷின்கள் எங்கோ ஒரு தூரத்துக் கட்டடத்தில், இணையம் வழியாக வாடகைக்கு எடுத்தவை. கையால் தொட முடியாது, ஆனால் கெடும், தொங்கும், உயிரை வாங்கும். அக்கா முதலில் ஒரே ஒரு மெஷினை வேண்டியபடி தயார் செய்வார். அதை அச்சாக வைத்து இருபத்திரண்டு பேருக்கும் இருபத்திரண்டு நகல் எடுப்பார். அச்சில் ஒரு பிசிறு இருந்தால் இருபத்திரண்டிலும் அதே பிசிறு. அதனால் அச்சை மூடும் முன் கடைசியாக ஒன்று செய்வார். தான் அதில் என்னென்ன கட்டளைகள் தட்டினோம் என்ற பதிவை முழுசாக அழித்துவிடுவார்.

"கழுவாத பாத்திரத்துல பரிமாறக் கூடாது தம்பி" என்பார் என்னிடம்.

அவருடைய அறை முன்பு நாற்காலி உடைசல்களைப் போட்டு வைத்த அறை. ஜன்னல் கிடையாது. அதில் ஒரு மேசை, இரண்டு திரை, ஏசி குளிருக்கு ஒரு பழைய ஸ்வெட்டர். ஒவ்வொரு மெஷினும் பச்சை விளக்குக் காட்டும்போது "வா கண்ணு, வா" என்று வரவேற்பார். வராத மெஷினுக்குக் கிடைக்கும் பேச்சை இங்கே எழுத முடியாது.

அந்த முறை வந்தது வேலை போனவர்களின் பேட்ச். மூன்று மாதப் பயிற்சி, கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு. ஒவ்வொருவர் மெஷினிலும் நான்கு கோளாறுகளை ஒளித்து வைப்போம். இரண்டு மணி நேரத்தில் மூன்றையாவது கண்டுபிடித்துச் சரிசெய்தால் பாஸ். பாஸானவர்களை ஒரு நிறுவனம் உடனே எடுத்துக்கொள்ளும், உட்கார்ந்து பார்க்கிற வேலை.

உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பது பதினேழாம் நம்பர் மெஷினில் உட்கார்ந்தவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் ஐம்பதை நெருங்கிய லிஃப்ட் மெக்கானிக். இரண்டு முழங்காலும் போய், மாடிப்படி ஏறுவதற்குள் நான்கு முறை நிற்பார். மற்றவர்கள் பட்டனைத் தட்டித் தட்டிப் பார்ப்பார்கள். அவர் திரையை முறைத்துக்கொண்டே இருப்பார், பிறகு மெதுவாக ஒன்று தட்டுவார். எனக்கு அது எரிச்சல். பொறுமை என்பது என் ஜாதகத்திலேயே இல்லை.

தேர்வு நாள் காலை ஒன்பதரைக்கு எனக்கு ஒரு கிறுக்கு பிடித்தது. நான்காவது கோளாறு ரொம்பச் சுலபமாக இருக்கிறது, மாற்றுங்கள் என்றேன் அக்காவிடம்.

"பத்து மணிக்கு எக்ஸாம் தம்பி. நேத்தே சொல்லியிருக்கலாமில்ல?"

"ரெண்டு நிமிஷ வேலைக்கா."

ரெண்டு நிமிஷ வேலை இல்லை என்பது எனக்கும் தெரியும். அச்சைத் திறந்து, பழைய கோளாறை எடுத்து, புதியதை வைத்து, மறுபடி இருபத்திரண்டு நகல் எடுக்க வேண்டும். பத்துக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கடைசி மெஷினும் பச்சையானது. அக்காவின் நெற்றி வியர்த்திருந்தது, அந்தக் குளிரிலும்.

தேர்வு நடந்தது. பதினொன்றே கால் வாக்கில் பார்த்தால் பதினேழாம் நம்பர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். சுற்றி எல்லோரும் அடித்துப் பிடித்துத் தட்டிக்கொண்டிருக்க, இவர் மட்டும் கல்லுப்பிள்ளையார் மாதிரி.

"என்னண்ணே, தூக்கமா? தலகாணி கொண்டு வரச் சொல்லட்டுமா?" என்றேன். வகுப்பே சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்தார். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

பிற்பகல் முடிவைப் போட்டேன். பதினான்கு பேர் பாஸ். பதினேழாம் நம்பர் இரண்டு கோளாறுதான் பிடித்திருந்தார். ஃபெயில். அவர் பட்டியலைப் பார்த்தார், பையை எடுத்தார், படி இறங்கிப் போனார்.

மூன்று மணிக்கு அக்கா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"கதவச் சாத்துங்க தம்பி. காலைல அவசரத்துல நான் பதிவ அழிக்கல."

எனக்குப் புரியவே சிறிது நேரம் பிடித்தது. அன்று காலை அவர் தட்டிய ஏழெட்டு வரிகள், அதாவது நான்காவது கோளாறு எங்கே இருக்கிறது, எப்படி வைத்தது என்பதெல்லாம், இருபத்திரண்டு மெஷினிலும் அப்படியே கிடந்திருக்கின்றன. பழைய கட்டளைகளைக் காட்டு என்று ஒரு சொல் தட்டினால் போதும், விடை வந்து நிற்கும். யார் எப்போது என்ன தட்டினார்கள் என்று எங்களிடம் தனியாக ஒரு கணக்கு விழும். அக்கா அதைத் திரையில் காட்டினார். ஏழு பேர் அந்த வரிகளைப் பார்த்திருக்கிறார்கள். அதில் ஆறு பேர் அடுத்த மூன்று நிமிஷத்துக்குள் நான்காவது கோளாறைச் சரிசெய்திருக்கிறார்கள்.

"ஏழாவது ஆளு?"

அக்கா விரலை வைத்துக் காட்டினார். பதினேழு. பதினொன்று பன்னிரண்டுக்குப் பதிவைப் பார்த்திருக்கிறார். பதினொன்று பதின்மூன்றுக்கு அதை அழித்திருக்கிறார். பிறகு பத்து நிமிஷம் ஒன்றுமே இல்லை. அதற்கப்புறம் பன்னிரண்டு மணி வரைக்கும் மூன்றாவது கோளாறைத் தேடித் தேடி, அது கிடைக்காமலே விட்டிருக்கிறார். நான்காவதைத் தொடக்கூட இல்லை.

"யாருக்கா இந்த ஆளு? பைத்தியமா?"

"என் வீட்டுக்காரர்" என்றார் அக்கா.

மூன்று மாதம். ஒரு நாள்கூட இருவரும் நடைவழியில் நின்று பேசி நான் பார்த்ததில்லை. ஊழியர் வீட்டு ஆட்கள் தேர்வு எழுதக் கூடாது என்று விதி. அவருக்கு வேறு வழி இல்லை, அதனால் மறைத்திருக்கிறார்கள். தனித்தனி பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். தேர்வில் என்ன வரும் என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லையாம். அக்காவும் சொன்னதில்லையாம்.

"பாத்தவுடனே அவருக்குத் தெரிஞ்சிருக்கும், இது என் தப்புன்னு. வெளிய தெரிஞ்சா என் வேல போயிடும்னு அழிச்சிருக்காரு. மத்தவங்களும் பாப்பாங்கன்னு தோணல பாருங்க, அந்த மனுஷனுக்கு."

நான் சொன்னதை மறைக்காமல் எழுதுகிறேன். "அக்கா, ஆறு மணிக்கு எப்படியும் எல்லா மெஷினையும் அழிக்கத்தான் போறோம். இப்பவே அழிச்சிடுங்க. கணக்கையும் சேத்து. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"அழிச்சா அவரு ஃபெயிலு ஃபெயிலுதான். அழிக்கலன்னா மறுபடி எக்ஸாம் வெப்பாங்க, ஆனா எனக்கு வேல கிடையாது." ஸ்வெட்டரின் கைநூலைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "இதுல எது பெருசுன்னு எனக்குத் தெரியல தம்பி. ஆனா அந்தப் பத்து நிமிஷம் அவரு கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு பாருங்க, அத என்னால அழிக்க முடியாது."

மேலாளரின் அறைக்குள் நானும் கூடப் போனேன். அக்கா எல்லாவற்றையும் சொன்னார், புருஷன் விஷயத்தையும் சேர்த்து. "முழுக்க என் தப்பு சார்" என்றார். ஒன்பதரை மணிக்கு மாற்றச் சொன்னது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. தரையில் ஒரு டைல்ஸ் விரிசல் விட்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தேர்வு ரத்தானது. அக்காவை அன்றே அனுப்பிவிட்டார்கள். பதினேழாம் நம்பர் மறுதேர்வு எழுதலாமா என்று நான் கேட்டதற்கு மேலாளர், "அந்தம்மாதான் இங்க இல்லையே. இனிமே அவரு யாருக்கு உறவு?" என்றார். பாஸாகியிருந்த பதினான்கு பேரும் அக்காவைத் திட்டித் தீர்த்தார்கள், விடையைப் பார்த்த ஆறு பேர் இன்னும் கொஞ்சம் உரக்க.

மறுதேர்வுக்கான மெஷின்களைத் தயார் செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. அப்போதுதான் தெரிந்தது, அந்த ஜன்னலில்லாத அறையில் அக்கா என்ன பாடு பட்டிருக்கிறார் என்று. ஆறு மெஷின் எழவே இல்லை. வெட்கத்தை விட்டு அக்காவுக்குப் போன் போட்டேன். தேர்வுக்கு என்ன கோளாறு ஒளித்தேன் என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்ல வந்தபோது தடுத்தார். நகல் எடுப்பதை மட்டும் படிப்படியாகச் சொல்லிக்கொடுத்தார். போனை வைக்கும் முன் கேட்டார்.

"பதிவ அழிச்சீங்களா?"

"அழிச்சிட்டேன்கா."

"இன்னொரு தடவ பாருங்க."

பார்த்தேன்.

இரண்டு வாரம் கழித்து மறுதேர்வு நடந்தது. பதினேழாம் நம்பர் நான்கு முறை நின்று படியேறி வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பதினொன்றுக்கு ஒன்று பிடித்தார், பதினொன்றேகாலுக்கு இன்னொன்று. பிறகு வெகுநேரம் திரையை முறைத்தார். பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது மெதுவாக ஒரு வரி தட்டினார். மூன்று.

எல்லோரும் போன பிறகும் அவர் எழவில்லை.

"மெஷின் சுத்தமா இருந்துச்சு சார். அவ சொல்லிக் குடுத்தாளா?"

தலையாட்டினேன். முதல் தேர்வன்று காலையில் மாற்றச் சொன்னது நான்தான் என்பதையும் அப்போது சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டு வாரமா நான் அவகிட்ட பேசறதில்ல சார்" என்றார். "நான் மூடினத அவ எதுக்குத் திறக்கணும்? அவ வேலையாவது இருக்கட்டும்னுதானே நான் அப்படிப் பண்ணேன்?"

அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. அக்காதான். எடுக்காமல் அவரிடமே நீட்டினேன். வாங்குவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு வாங்கிக் காதில் வைத்தார்.

"மூணு" என்றார்.

அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை போலிருக்கிறது. அவர் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"அழாத" என்றார். "நீ சாப்டியா?"