பட்டாணிச் சூப்புக் கம்யூனிஸ்ட்

எனக்குக் கலியாணம் பாதிதான் முடிந்திருக்கிறது. பதிவு எழுத்து போன வருடம் கொலோனில் நடந்தது. தாலி கட்டுவது அமெரிக்காவில், நான் விசா எடுத்துப் போன பிறகு. மனைவி நியூ ஜெர்சியில் பிறந்தவள். நான் வுப்பர்டாலில் பிறந்து, இரண்டு தொழிற்பயிற்சிகளைத் தொடங்கி இரண்டையும் பாதியில் விட்டவன். பாதியில் நிற்பது எனக்குப் பழக்கம்தான்.

விசாப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். அதில் நான் புலி. எட்டு வயதிலிருந்து அப்பா அம்மாவின் அன்ராக், அதாவது ஜெர்மன் விண்ணப்பங்கள், எல்லாம் நிரப்பியவன். வாசிக்க மாட்டேன். பெட்டி இருந்தால் எழுதுவேன், கோடு இருந்தால் கையெழுத்து வைப்பேன். அந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்த கை ஒரு கேள்வியில் நின்றது. எப்போதாவது கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராக இருந்தீர்களா?

இருந்தேன். பட்டாணிச் சூப்புக்காக.

கம்யூனிசத்தை எழுதிய தாடிக்காரர்களில் ஒருவர் பிறந்த ஊர் இது. மே தினம் வந்தால் குட்டிக் கட்சிகள்கூட மேசை போடும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மேசையில் சூப்பு சும்மா கொடுத்தார்கள். கிண்ணத்தோடு ஒரு படிவத்தையும் நீட்டினார்கள். படிவத்தைக் கண்டால் என் கை என்னைக் கேட்பதில்லை. இரண்டு கிழமையில் அங்கத்துவ அட்டை தபாலில் வந்தது. நான் அதைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு திரிந்தேன். பிறகு மாமனாருக்குப் புத்தாண்டு வாழ்த்தே "தோழர் மாமா" என்றுதான் அனுப்பினேன். அவரிடமிருந்து பதில் வரவில்லை.

மனைவிக்கு போன் எடுத்தேன்.

"இல்லை எண்டு போடட்டோ?"

"பொய் எழுதிப் பிடிபட்டா வாழ்நாளுக்கும் உள்ள விடமாட்டாங்கள். ஓம் எண்டு போடும். சூப்பையும் எழுதும்."

"சூப்புக்குப் பெட்டி இல்லையப்பா."

"விளக்கம் எண்டு ஒண்டு இருக்கும், வடிவாப் பாரும்."

இருந்தது. எழுதினேன். கட்சியை விட்டும் விலகப் போனேன். அங்கிருந்த கிழவி, மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்றார். புரட்சிக்கும் இந்த நாட்டில் அறிவித்தல் காலம் உண்டு.

பிராங்பேர்ட்டில் நேர்முகம். எத்தனை கூட்டங்களுக்குப் போனாய் என்று அதிகாரி கேட்டார். சூப்பு முடிந்ததும் வந்துவிட்டேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மேலும் பார்க்க வேண்டும் என்று கோப்பை ஒருபக்கம் வைத்தார்.

அன்று மாமாவே போன் எடுத்தார்.

"அங்க ஆஸ்பத்திரி சும்மா எண்டு நீர் சொல்லேக்கையே எனக்குச் சாடையா விளங்கினது."

"மாமா, சூப்பு மட்டும்தான்."

"சூப்பில தொடங்கித்தான் தம்பி முழு நாடும் போறது!"

நான் சிரித்தேன். பிறகு மனைவி சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. மாமா யாழ்ப்பாணத்தில் படிக்கிற காலத்தில் ஒரேயொரு மே தின ஊர்வலத்தில் சிவப்புக் கொடி பிடித்தவராம். குடியுரிமை எடுக்கும்போது இதே மாதிரிக் கேள்வி வர, இல்லை என்று சொன்னாராம். அவர் கட்சியில் சேரவே இல்லை, ஆகவே அது பொய்யும் இல்லை. ஆனாலும் வேலைத்தலத்தில் தொழிற்சங்கம் தொடங்கியபோது கையெழுத்து வைக்கப் பயந்து அன்றைக்கு லீவு போட்டிருக்கிறார். இப்போது என் கோப்பைத் தோண்டுகிறவர்கள் தன் கோப்பையும் தோண்டுவார்களோ என்று நித்திரை இல்லையாம். அந்த மனிதரைத்தான் நான் தோழர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கலியாணத்துக்குப் பிடித்த மண்டபத்தை விட்டுவிட்டார்கள். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மாமா சொந்தக்காரருக்குச் சொல்லிவிட்டார். விசா முடிவு இன்னும் வரவில்லை. ஏழு மாதமாக நியூ ஜெர்சியில் எனக்குக் காய்ச்சல்.

போன சனிக்கிழமை அங்கே ஒரு அன்ரி, மாப்பிள்ளையை வீடியோவில் பார்க்க வேண்டும் என்று நின்றுவிட்டார். மாமா எனக்கு எடுத்துப் போனை அவரிடம் நீட்டினார்.

"என்ன தம்பி, இன்னும் சுகமில்லையோ?"

மாமாவின் முகத்தைப் பார்த்தேன். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நன்றாக இருமினேன்.

"பாத்தீங்களோ, நான் சொன்னனான்" என்றார் மாமா.

நானும் அவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது.