மணலில் பழகிய கால்கள்

1. டி.சி. கேட்டு வந்தவர்

பொங்கல் லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று மத்தியானம். ஸ்போர்ட்ஸ் ரூமில் உட்கார்ந்து வாலிபாலுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் வெள்ளை வேட்டி சட்டையோடு ஒருவர் வந்து நின்றார். கூடவே ஒன்பதாம் வகுப்பு பொன்செல்வி, எங்கள் ஹாஸ்டல் பிள்ளை. அழுது முடித்த முகம்.

"நீங்கதான் பி.டி. டீச்சரா? நான் இவ அப்பா, தங்கப்பழம். திசையன்விளையில கருப்பட்டி மண்டி வச்சிருக்கேன். இவ டி.சி.ய வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"ஏன் அண்ணாச்சி, என்ன ஆச்சு?"

அவர் மகளின் கையைப் பிடித்து விரித்துக் காட்டினார். உள்ளங்கை ரேகையெல்லாம் சிவப்பும் நீலமுமாகக் கறை.

"பொங்கலுக்கு வந்தவ கையப் பாத்து, 'மருதாணியாட்டீ?'ன்னு கேட்டேன். இல்லப்பா, கலர்த்தாள் சாயம்னா. தாளுல குஞ்சம் கட்டி ஆட்டுதோம்ங்கா. பாளையங்கோட்டையில கொண்டாந்து படிக்கப் போட்டது குஞ்சம் ஆட்டவா? கடைத்தெருவுல ஒருத்தன் கேக்கான், 'அண்ணாச்சி, ஒம்ம மக டவுன்ல டான்ஸ் ஆடுதாளாம்லா'ன்னு. எனக்கு எப்பிடி இருக்கும்?"

தொண்ணூறுகளின் பின்பாதி அது. கேபிள் டி.வி. வந்து, வெளிநாட்டுப் பிள்ளைகள் குஞ்சம் பிடித்துக் குதிப்பதை எல்லாரும் பார்த்திருந்தார்கள். சியர்லீடிங் என்றார்கள். அந்த வருஷம் எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்குள் அதில் ஒரு போட்டி வைப்பதாகச் சொன்னார்கள். தாளத்துக்குக் கோஷம் போட வேண்டும், கை தட்ட வேண்டும், கடைசியில் ஒருத்தி தோள்மேல் ஒருத்தி ஏறிப் பிரமிட் கட்டி நிற்க வேண்டும். எங்கள் எச்.எம். அம்மாவுக்குப் புதுசு என்றால் ஆசை. பேர் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் சொன்னார்.

டீச்சர்கள் ரூமிலேயே இதற்கு மரியாதை கிடையாது. "விளையாடுதவளுக்குக் கை தட்டுதது எப்பிடி விளையாட்டாகும்? பந்தி பரிமாறுதவனும் சாப்பிடுதவனும் ஒண்ணா?" என்பார் கணக்கு டீச்சர். நான் கபடி ஆடி வந்தவள். உள்ளுக்குள் எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனால் இன்னொருத்தர் வந்து என் பிள்ளைகளைச் சொன்னால் என் வாய் சும்மா இருக்காது.

"அண்ணாச்சி, இது டான்ஸ் இல்ல. விளையாட்டு. ஒங்க மக பிரமிட்டுக்கு அடியில நடுவுல நிக்கா. ரெண்டு அடுக்கு ஆளைத் தாங்குதா. நீங்க நின்னு பாருங்களேன், இடுப்பு விட்டுப் போகும்."

"பாரம் தூக்குததெல்லாம் விளையாட்டுன்னா எம் மண்டியில மூட்டை தூக்குதவனுக்குக் கப்பு குடுங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்கும், மீசைக்குள் அடக்கிக்கொண்டார். பிறகு சொன்னார்:

"டீச்சர், நான் படிக்காதவன். எனக்குத் தெரிஞ்சத சொல்லுதேன். விளையாட்டுன்னா தோக்கணும். தோத்துட்டு வந்து சோறு எறங்காம அழணும். எங்க ஊர்ல கபடியில தோத்தவன் ஒரு மாசம் வெளியில தல காட்ட மாட்டான். டான்ஸ் ஆடி எவன் தோத்தான்? கை தட்டுவாவ, சோடா குடுப்பாவ, வந்துருவான்."

"அப்ப போட்டிக்கு வந்து பாருங்க. பாத்துட்டு முடிவு பண்ணுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சரி. வாரேன். விளையாட்டுன்னா இவ இங்கனயே படிக்கட்டும். டான்ஸுன்னா அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருவேன். மண்டியில கணக்குப் பாக்க ஆள் வேணும்லா."

அவர் போன பிறகு பொன்செல்வி கேட்டாள்: "டீச்சர், இது விளையாட்டுதானா?"

"ஏட்டி, போய் கிளாஸைப் பாரு" என்றேன்.

2. ஆறு

பள்ளி மைதானத்தில் பிரமிட் கட்ட எச்.எம். அம்மா விடவில்லை. சரளைத் தரை, விழுந்தால் மண்டை போகும். "விழுந்தாலும் மணல்ல விழட்டும்" என்று உத்தரவு. ஹாஸ்டல் பிள்ளைகளை வெள்ளனவே எழுப்பி வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போவேன். பிரமிட்டின் உச்சியில் ஏறும் ஜன்னத் மட்டும் மேலப்பாளையத்திலிருந்து அவள் வாப்பாவின் ஆட்டோவில் வருவாள். அந்த மனுஷன் ஒருநாள்கூட எதுவும் கேட்டதில்லை. "பைய ஏறும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆட்டோவிலேயே தூங்கிவிடுவார்.

அந்தக் காலைகளை நினைத்தால், நடந்ததா, நான் கனாக் கண்டதா என்று இப்போதும் எனக்குச் சந்தேகம் வரும். தை மாசப் பனி ஆற்றுமேல் புகையாக நிற்கும். பக்கத்தில் நிற்கும் பிள்ளை தெரியாது. கை தட்டுவது மட்டும் கேட்கும். கோஷம் போட்டால் அந்தக் கரையில் மோதித் திரும்பி வரும், அங்கேயும் ஒரு டீம் நிற்கிற மாதிரி. பிள்ளைகள் அதற்குப் பதில் கோஷம் போடுவார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கீழே மூன்று பேர், அவர்கள் தோள்மேல் இரண்டு பேர், அதற்கும் மேலே ஜன்னத். அவள் நிமிர்ந்து நிற்கும்போது பனிக்கு மேலே தலை போய்விடும். கீழே இருப்பவர்கள் ஆசையாகக் கேட்பார்கள்:

"ஏட்டி ஜன்னத், என்ன தெரியுது?"

"ரயில் பாலம் தெரியுது. பாலத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்ல, சும்மா வெள்ளையா இருக்கு. பாலம் அந்தரத்துல நிக்குது."

"பொறவு?"

"கொக்கு போகுது. எனக்குக் கீழ போகுது!"

எல்லாம் பொய்யாகக்கூட இருக்கலாம். நாங்கள் நம்பினோம்.

முடிந்ததும் ஆற்றில் கை கழுவுவார்கள். பனியில் நனைந்த கலர்த்தாள் சாயம் தண்ணீரில் சிவப்பும் நீலமுமாக நூல் நூலாகப் பிரிந்து போகும். மீன்குஞ்சுகள் அதன் பின்னாலேயே போகும்.

பொன்செல்விக்கு ஓடத் தெரியாது, பந்து பிடிக்கத் தெரியாது. எந்த டீமிலும் அவளை எடுத்ததில்லை. கனத்த பிள்ளை, அதனால் கேலி வேறு. இங்கே அவள்தான் நடு பேஸ், அடி வரிசையின் நடு ஆள். ஒருநாள் கரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது கேட்டேன், "மேல நிக்கவ எல்லாத்தையும் பாக்கா. அடியில நிக்க ஒனக்கு என்னட்டீ கிடைக்கு?"

யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு முன்னால இருக்க மணல் மட்டும்தான் டீச்சர் தெரியும். ஆனா ஜன்னத் மூச்சு விடுதது எந்தோளுக்கு வந்துரும். நடுவுல ரெண்டு பேர் இருந்தாலும் வந்துரும். அவ சிரிச்சாகூடத் தெரியும்."

என் கபடி வாழ்க்கையில் பக்கத்தில் நின்றவளின் மூச்சு எனக்குத் தெரிந்ததில்லை. சந்தேகம் எனக்கு அன்றைக்குப் பாதி தீர்ந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். மணலில் நின்றால் பாரம் ஏற ஏறக் கால் புதையும். புதையும்போது அடியில் நிற்பவள் குதிகாலை இப்படியும் அப்படியும் திருகி, மணலுக்குள் இறக்கி, கெட்டியாக ஊன்றிக்கொள்ள வேண்டும். மேலே ஒவ்வொருத்தி ஏறும்போதும் ஒரு திருகு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, கால் தானாகவே படித்துக்கொண்டது. பார்க்க அழகாகக்கூட இருக்கும்.

3. சரளை

போட்டி நடந்தது வேறொரு பள்ளியின் மைதானத்தில். கட்டாந்தரை. மேலே பொடிச் சரளை. அண்ணாச்சி முன்வரிசையில் துண்டை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காலிப் பெட்டி. மகளின் துணிமணியை எடுத்துப் போகத்தான் என்று பார்த்ததுமே தெரிந்தது.

கோஷம் நன்றாகப் போயிற்று. கைதட்டலும் பிசகவில்லை. அண்ணாச்சி முகம் இளகவில்லை. பிரமிட்டுக்கு விசில் கொடுத்தேன். மூன்று பேர் நின்றார்கள். இரண்டு பேர் ஏறினார்கள். அடியில் மூன்று பேரும் பழக்கத்தில் குதிகாலைத் திருகினார்கள்.

தரை இறங்கவில்லை. சரளை உருண்டது.

அடி வரிசை லேசாக ஆடியது. அதற்குள் ஜன்னத் ஏறிவிட்டாள். அவள் பாரம் வந்ததும் மறுபடியும் ஒரு திருகு. இந்தத் தடவை மேல்வரை ஆட்டம் போயிற்று. ஜன்னத் கையை விரித்தபடி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். "ஐயோ" என்று கூட்டம் எழுந்துவிட்டது.

"ஜன்னத் வாரா! பிடிங்கட்டீ!"

பொன்செல்வியின் குரல். மேலே நடப்பது அவளுக்குத் தெரிய வழியே இல்லை. தோளில் மூச்சு நின்றது மட்டும்தான் தெரிந்திருக்கும். கத்திக்கொண்டே, உதறி விலகாமல், பக்கத்து இரண்டு பேரையும் இறுக்கிப் பிடித்து, முழங்காலைப் பைய மடக்கி மொத்தப் பிரமிட்டையும் கீழே இறக்கினாள். விழுந்தால் பிடிக்கவென்று பின்னால் நின்ற பிள்ளைகள் ஓடிவந்து ஜன்னத்தைக் கையில் வாங்கிக்கொண்டார்கள். யாருக்கும் அடி இல்லை. பொன்செல்விக்கு மட்டும் இரண்டு முழங்காலும் சரளையில் உரிந்து சல்வாரில் ரத்தம்.

பிரமிட் நிற்கவில்லை என்றால் மார்க் இல்லை. கடைசி இடம் எங்களுக்கு.

மேடைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் கட்டிப்பிடித்து அழுதார்கள். சின்ன அழுகை இல்லை, ஓவென்று. ஜன்னத் ஒரு பக்கம், பொன்செல்வி ஒரு பக்கம். கொண்டுவந்த புளிச்சோற்றை ஒருத்தியும் தொடவில்லை. குஞ்சத்தால் மூக்கைத் துடைத்து முகமெல்லாம் சாயம். எனக்கும் அழுகை வந்தது, எனக்கென்ன வெட்கம், நானும் அழுதேன்.

பெட்டியோடு அண்ணாச்சி வந்தார். பிள்ளைகள் விலகி வழிவிட்டார்கள். மகளின் முழங்காலைக் குனிந்து பார்த்தார். துண்டால் மண்ணைத் தட்டினார். திறக்காத சோற்றுத் தூக்கைப் பார்த்தார்.

"சாப்பிடலியாட்டீ?"

"வேண்டாம்ப்பா."

"எறங்கலியோ?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"டீச்சர், இது விளையாட்டுதான். தோத்துட்டாளுவல்லா."

பிறகு பெட்டிமேலேயே உட்கார்ந்து, என்னைத் திட்டத் தொடங்கினார். "மணல்ல பழக்கிட்டுச் சரளையில கொண்டாந்து ஏத்துனா நிக்குமா? கட்டாந்தரையில பழக்குங்க. விழுவாளுவன்னு பயமா இருந்தா சுத்தி மெத்தையப் போடுங்க." அடுத்த வாரம் திசையன்விளை பஸ் கூரையில் வைக்கோல் அடைத்த சாக்குகள் வந்து இறங்கின. கருப்பட்டி வாசத்தோடு அவை கிழியும்வரை எங்களுக்கு அவைதான் மெத்தை.

ஆற்றுக்குப் போவது அத்தோடு நின்றது. எனக்கு அது வருத்தம்தான், மறைக்கவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு வேண்டியது பனி இல்லை, தரை. எங்கே நிற்கப் போகிறோமோ அங்கேயே கால் பழக வேண்டும். இளைய பி.டி. டீச்சர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான்.

அடுத்த வருஷம் பிரமிட் அசையாமல் நின்றது, ஆனால் கோஷத்துக்கு மார்க் குறைத்துவிட்டார்கள். மறுபடியும் தோற்றோம். பொன்செல்வி பத்தாம் வகுப்பு அப்போது. அந்தத் தடவையும் அண்ணாச்சி முன்வரிசையில் இருந்தார். மார்க் சொன்னதும் துண்டை உதறித் தோளில் போட்டு நேரே நடுவர் மேஜைக்குப் போனார்.

"என்னவே மார்க் போடுதீரு? கண்ணு தெரியுதா ஒமக்கு?"

நாலு பேர் பிடித்து இழுத்து வர வேண்டியதாயிற்று. அந்தத் தடவை கூட வந்திருந்த எங்கள் கணக்கு டீச்சர் என் காதில் சொன்னார்: "சரிதான் டீச்சர், இது விளையாட்டுதான்."