முழுக்கை ஸ்வெட்டர்

கொடைக்கானல் மலையில் பிள்ளைகளை அடிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஸ்வெட்டர். கீழே பழனியிலோ திண்டுக்கல்லிலோ ஒரு பிள்ளையின் கையில் தடிப்பு இருந்தால் பக்கத்து வீட்டுக்காரி பார்ப்பாள், கடைக்காரர் பார்ப்பார், வாத்தியார் கேட்பார். இங்கே வருடம் முழுக்கக் கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை கம்பளிதான். உள்ளே தோல் உரிந்து கிடந்தாலும் வெளியே பூப்போட்ட பின்னல்தான் தெரியும்.

அந்த ஸ்வெட்டரைக் கொடுப்பதே நாங்கள்தான் என்பது கூடுதல் வேடிக்கை. குழந்தைகளின் உரிமைக்காக வேலை செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருக்கிறேன். பள்ளியை விட்ட பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது, பதினெட்டு ஆகாததுகளுக்குக் கல்யாணம் பேசினால் தடுப்பது, அடிபடுகிற பிள்ளையை மீட்பது எல்லாம் எங்கள் சோலி. ஊர் எங்களைச் சொல்வது என்னவோ ‘ஸ்வெட்டர் ஆபீஸ்’ என்றுதான். பனி இறங்குவதற்கு முன்னால் கிராமம் கிராமமாகப் போய் ஸ்வெட்டர் கொடுப்போம்; அதற்கு மட்டும் ஒருத்தர் பாக்கியில்லாமல் வருவார்கள். என்னை டீச்சர் என்பார்கள். நான் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. நடத்தினால் பிள்ளைகள் பாவம்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஸ்வெட்டரைக் கையில் கொடுத்து அனுப்ப மாட்டோம். பழையதைக் கழற்றச் சொல்லி, புதியதை நாங்களே போட்டுவிட்டு அளவு பார்ப்போம். எவ்வளவு அக்கறை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு நிமிடம், அந்த இரண்டு கைகள்.

போன வருடம் கூக்கால் கிராமத்தில், பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வரிசை நின்றது. ஊரில் மதிப்பான ஒருவர், வெளுத்த வேட்டிக்காரர், பிள்ளைகளை அதட்டி வரிசையில் நிறுத்தினார். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன்.

பதினொரு வயதுப் பெண் ஒருத்தி, தன் முறை வந்ததும், பழையதைக் கழற்றாமல் அதன் மேலேயே புதியதை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள்.

“கழட்டும்மா” என்றேன்.

“குளுருது டீச்சர்.”

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

வகுப்பறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். ஸ்வெட்டர் கையை மெதுவாக மேலே தள்ளினால் நகரவில்லை. கம்பளி புண்ணில் ஒட்டியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிப் பார்த்தேன். முழங்கை வரைக்கும் கயிற்றால் அடித்த தடம், அதற்கு மேலே பீடியால் சுட்ட வட்டங்கள். சிலது ஆறிப்போனது, சிலது இன்னும் ஈரமாக இருந்தது.

“அப்பாதான். பூண்டுக் காட்டுல களை எடுக்கயில செடியவும் சேத்துப் பிடுங்கிட்டேன்” என்றாள். அவர் பக்கத்து நியாயத்தை அவளே எடுத்துச் சொல்வது போல இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “யார் முன்னாலயும் கழட்டக் கூடாதுன்னு சொல்லித்தான் அனுப்புனாரு. நீங்க பாத்துட்டீங்கன்னு தெரிஞ்சா இன்னைக்கு என்னயக் கொன்னுருவாரு டீச்சர்.”

திண்டுக்கல்லில் இருக்கும் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தகவல் சொல்லிவிட்டு அவளை அன்றைக்கே கூட்டிப்போகலாம், சட்டம் இருக்கிறது. சிக்னல்தான் இல்லை. ஊர் ஏரிக்கரைக்குப் போனால்தான் போன் பேச முடியும். டிரைவர் அண்ணனை அனுப்பிவிட்டு, அவளை ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்தேன். அவளுடைய அம்மா ஓடிவந்து, “தடுக்கி விழுந்துட்டா டீச்சர், தடுக்கி விழுந்துட்டா” என்று அதையே சொல்லிக்கொண்டு பள்ளிச் சுவர் ஓரமாக நின்றாள். அண்ணன் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் யாரோ பூண்டுக் காட்டுக்கு ஓடியிருந்தார்கள். நல்ல சேதி அந்த ஊரில் அவ்வளவு வேகமாகப் போய் நான் பார்த்ததில்லை.

அவள் அப்பன் மண்வெட்டியோடு வந்தான். முதல் வெட்டு ஜீப்பின் முன்கண்ணாடிக்கு. குறுக்கே போன அண்ணனின் தோளில் மண்வெட்டிக் காம்பு இறங்கியது. அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கதவில் மோதினான். நெற்றி கிழிந்து ஒரு கண் ரத்தத்தில் மூடிக்கொண்டது.

“என் புள்ளைய நான் அடிப்பேன், வெட்டுவேன். கேக்க நீ யாருடி?”

அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பூண்டு வாடையும் மண்ணும் ரத்தமும் வாயில் வந்தது. விடவில்லை. கையில் ஒரு கல் கிடைத்திருந்தால் அன்றைக்கு நான் கொலைகாரி ஆகியிருப்பேன்.

ஊர் மொத்தமும் பிள்ளைகள் கழற்றிய பழைய ஸ்வெட்டர்களைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. வெளுத்த வேட்டிக்காரர்தான் முன்னால் வந்தார். “இது குடும்ப விசயம் டீச்சர். புள்ளைய அடிக்காம யாரு வளத்தா? எறக்கி விட்டுட்டுக் கெளம்புங்க.” நாலைந்து தலைகள் ஆடின. இரண்டு பேர் போய் ஜீப்பின் பின்கதவைத் திறந்தார்கள்.

அவள் தானாகவே இறங்கினாள். போயிற்று, வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று நினைத்தேன்.

கீழே நின்று, ஸ்வெட்டரின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தலை வழியாக இழுத்தாள். கையில் ஒட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. அரைக்கைப் பள்ளிச் சட்டையோடு நின்று, ரத்தம் வழிகிற இரண்டு கைகளையும் ஊருக்கு முன்னால் நீட்டினாள்.

“பாருங்க” என்றாள்.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கதவைத் திறந்தவர்கள் பின்வாங்கினார்கள். அவன் மகளைப் பார்த்து மண்வெட்டியை ஓங்கினான். இந்த முறை ஊர்க்காரர்கள் அவனைப் பிடித்துவிட்டார்கள். பிறகு அடித்தார்கள். செருப்பால், விறகால், கையில் கிடைத்ததைக் கொண்டு. அதுவரை சும்மா நின்றவர்கள்தான் அதிகமாக அடித்தார்கள். முதல் நாலு அடி எனக்கு இனித்தது, மறைப்பானேன். “எங்கப்பாவ அடிக்காதீங்க” என்று அவள் அலறிய பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. நானே உள்ளே புகுந்து விலக்க வேண்டியதாயிற்று.

“வெரசா ஏறுங்க” என்றார் அண்ணன், ஒற்றைக் கையால் வண்டியைக் கிளப்பியபடி. அவளை என் சால்வையில் சுற்றிப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

கண்ணாடி இல்லாத முன்பக்கம் வழியாக எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கலைந்து போகச் சொல்ல யாருக்கும் தோன்றாததால் பிள்ளைகள் இன்னும் வரிசையிலேயே நின்றார்கள். கடைசியில் ஒரு சின்னப் பையன், இவளையே பார்த்துக்கொண்டு, தன் ஸ்வெட்டரின் இடது கையை மெல்ல மெல்லக் கழற்றிக்கொண்டிருந்தான்.

வெளுத்த வேட்டிக்காரர் பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்தார். “ஏலே, போடுறா அதை. ஒன் அப்பன் நான் சொல்றது காதுல விழல?”

“வண்டிய நிறுத்துங்கண்ணே” என்றேன்.