கூரை தாழ்த்திய கார்

திங்கட்கிழமை காலை ஏழு மணி ஐந்து நிமிடம். சண்டிலிப்பாயில் அண்ணையின் வீட்டு மதிலுக்கு மேலால் எனக்கு முதலில் தெரிந்தது ஒரு பூங்கொத்து. அது கட்டப்பட்டிருந்த கார் மதிலுக்குக் கீழே மறைந்திருந்தது. சில மாதங்களுக்கு முன்பென்றால் கூரையும் தெரிந்திருக்கும்.

அது ஒரு ஏ40, பழைய இங்கிலாந்துக் கார். லண்டனில் நெடுங்காலம் இருந்துவிட்டு ஊர் திரும்பியதும் அண்ணை வாங்கியது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார்க் கண்காட்சிகளுக்குப் போய் வந்தவர். தனக்கு எப்படி வேண்டும் என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அச்சுவேலியில் ஒரு கராஜில் விட்டு, கூரையைத் தாங்கும் தூண்களில் நான்கு விரற்கடை வெட்டியெடுத்து, மீண்டும் ஒட்டுவித்தார். சாம்பல் நிறத்தைக் கடும் மரூன் ஆக்கினார். பம்பரை மட்டும் பழையபடி விட்டு மினுக்கினார்.

வேலை சுத்தம். ஒட்டிய இடம் விரலுக்குத் தட்டுப்படவில்லை. ஆனால் கண்ணாடிகள் ஒடுங்கி, கார் கண்ணை இடுக்கிப் பார்ப்பது போலாகிவிட்டது. லொறி ஏறி இறங்கியது போல இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

“எல்லாரும் வைச்சிருக்கிற மாதிரி வைச்சிருக்கிறதுக்கு நான் ஏன் வாங்கவேணும்?” என்றார் அண்ணை.

அதன் பிறகு நாங்கள் காரைப் பற்றிக் கதைக்கவில்லை.

அன்று அவருடைய ஒரே மகனுக்குக் கலியாணம். மண்டபம் கொடிகாமத்தில். மகன் இந்தக் காரில்தான் போய் இறங்க வேண்டும், பெண்வீட்டார் வாசலில் நின்று அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே அவர் வேலையை அவசரப்படுத்தி முடித்திருந்தார். ஏழரைக்கு ராகுகாலம். அதற்கு முன் மாப்பிள்ளை வாசல் படலையைத் தாண்ட வேண்டும்.

உள்ளே தலைப்பாகை வைத்து ஆராத்தி எடுத்து முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வெளியே வந்தான். பட்டுத் துணியில் கல் பதித்த தலைப்பாகை. முன்னால் ஒரு குஞ்சம் எழுந்து நின்றது. அண்ணை தானே பின்கதவைத் திறந்து பிடித்தார். மகன் குனிந்தான். குஞ்சம் கதவின் மேல்விளிம்பில் முட்டியது. இன்னும் குனிந்து உள்ளே போய், சீற்றில் அமர்ந்து நிமிர்ந்தான். தலைப்பாகை கூரையில் நசிந்து கண்வரை இறங்கியது.

கூரையைத் தாழ்த்துமுன் அண்ணை, லீவில் வந்திருந்த மகனை அதே சீற்றில் இருத்தி அளந்திருந்தார். வெறும் தலையோடு அளந்திருந்தார்.

“கொஞ்சம் சரிஞ்சு இரு,” என்றார்.

மகன், பக்கத்தில் ஏறியிருந்த மாப்பிள்ளைத் தோழனின் தோளில் சரிந்தான். அண்ணை கதவைச் சாத்திப் பார்த்தார். கண்ணாடிக்குள் மாப்பிள்ளை காய்ச்சல்காரனைப் போலத் தெரிந்தான்.

“அப்பா, கழுத்து நோகுது.”

சீற்றைக் கழற்றலாமா என்று அண்ணை முழங்காலில் நின்று கீழே பார்த்தார். வேட்டியில் மண் பட்டது. புதுச் சீற்றை நான்கு மூலையிலும் திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். படலையடியில் நின்ற பக்கத்து வீட்டுக்காரர், “அண்ணை, மேலை ஒரு ஓட்டை போட்டால் சரி,” என்றார். இரண்டு பேர் சிரித்து, அண்ணையின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

ஏழு இருபது ஆகியிருந்தது. அண்ணி மணிக்கூட்டைப் பார்த்தார்.

“கழட்டி மடியிலை வை. மண்டப வாசலிலை போடலாம்,” என்றார் அண்ணை.

மகன் கையைத் தலைக்குக் கொண்டுபோனான். அண்ணியின் தமக்கை குறுக்கே வந்தார். வீட்டில் சடங்குகளை நடத்தி வைத்தவர் அவர். குரலை உயர்த்தவில்லை.

“ஆராத்தி எடுத்து வைச்ச தலைப்பாகையைத் தாலி கட்ட முன்னம் கழட்டிறதோ? உங்கடை காருக்காகவோ?”

மகனின் கை தலைப்பாகையிலேயே நின்றது. அவன் தகப்பனைப் பார்த்தான். அண்ணை காரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தது போலிருந்தது.

“இறங்கு,” என்றார் மகனிடம்.

பெண்களை ஏற்றவென்று பிடித்த வாடகை வான் படலைக்கு வெளியே ஒழுங்கையில் நின்றது. அண்ணை காரின் கூரையிலிருந்த பூங்கொத்தின் கட்டை அவிழ்த்தார். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் இழுத்து அவிழ்த்து, கொண்டுபோய் வானின் முன்கண்ணாடிக்கு மேல் தானே கட்டினார். வானிலிருந்த பெண்களில் சிலர் இறங்கி மற்ற வாகனங்களுக்குப் போனார்கள். மாப்பிள்ளை நிமிர்ந்தபடி ஏறினான். ஏழரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வான் புறப்பட்டது.

அண்ணை காரில் ஏறி இயந்திரத்தை முடுக்கினார். முன்கதவை உள்ளிருந்து திறந்துவிட்டார்.

“நீயும் வாறியோ?”

“ஓம், வாறன்,” என்றேன்.

கொடிகாமம் வரை அவர் அந்த வானை முந்தவில்லை.