வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்த ஷூ

அமெரிக்காவில், என் குபெர்டினோ ஆபீஸில் தொங்கிய காலண்டரில் சாமுராய்கள் வாழ்ந்த பழைய தெருவின் படத்தைப் பார்த்ததுமே, ஊருக்குப் போகிற வழியில் ஜப்பானில் இறங்கிவிடத் தோன்றியது. “தனியா போய் சுவரையா பார்க்கப்போற?” என்று கேலி செய்தான், டோக்கியோவில் வேலை பார்த்த நண்பன் முரளி.

தெரு நெடுக மண்சுவர்கள்தான், ஆளே இல்லை. திறந்திருந்த ஒரு வீட்டு வாசலில் செருப்புகள் வரிசையாக இருந்தன. சுற்றிப் பார்க்கத் திறந்துவைத்த பழைய வீடு, செருப்புகள் பார்வையாளர்களுடையவை என்று நினைத்து, நானும் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

அங்கே ஒரு குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது! போலீஸைக் கூப்பிடுவார்களோ என்று பயந்து, கைகூப்பி மன்னிப்புக் கேட்டேன். அந்த வீட்டு அம்மாளோ சிரித்தபடி டீ கொடுத்தார். குடித்துவிட்டு வந்தால், என் ஷூ வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. போகச் சொல்கிறார்கள் என்று குன்றிப்போய், நன்றிகூடச் சொல்லாமல் ஓடினேன்.

“லூசு, அது மரியாதைடா. கெஸ்ட் ஈஸியா மாட்டிக்கணும்னு அப்படி வைப்பாங்க” என்றான் முரளி, நான் டோக்கியோ திரும்பியதும்.

இப்போதெல்லாம் எந்த வீட்டிலும் மணி அடித்து, பதில் வந்த பிறகே நுழைகிறேன். ஆனால் அமெரிக்காவில் குடியேறிய பிறகு முன்கூட்டி போன் செய்யாமல் நான் போன ஒரே வீடு அதுதான்; அங்கேயும் டீ கொடுத்துத்தான் வரவேற்றார்கள். இந்தச் சனிக்கிழமை, இங்கே குபெர்டினோவில் எதிர் அபார்ட்மெண்ட் சுந்தரி ஆன்ட்டி வீட்டு மணியை, போன் செய்யாமலே அடித்துப் பார்க்கப்போகிறேன்.